உள்மடிப்பு

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு
குதைபியாவில் கடைகள்
பாதி ஷட்டர்தான் தூக்கியிருந்தன.
கைப்பேசி உறைக்குள் எட்டாக மடித்த
முப்பத்தைந்து தினார்.
அதற்கு மேல் ஒரு ஃபில்ஸ் கிடையாது,
திரும்பும் பஸ்ஸுக்கு முந்நூறு தவிர.

அடுத்த வெள்ளி மனாமா கோவிலில்
மாலைப் பூசைக்கு முன்
அரை மணி நேரம் தந்திருக்கிறார் பாதர்.

"சீலை எடும் மெர்லின், பத்து தினாரோட முடிஞ்சிரும்"
என்றாள் கூட வந்த யோகவதி.
முடியும்தான்.
ஆனால் ஆறு வருடமாக
அடுத்தவள் கவுனுக்கு நீராவி பிடித்த கை இது.
ஒரு நாள் அந்தக் கை
உள்பக்கத்திலிருந்து வெளியே வர வேண்டும்.
ஜெபினிடம் இதைச் சொல்லவில்லை.
அம்மாவிடம் சொன்னால்
கணக்குக் கேட்பாள்.

முதல் கடையில் விலைச்சீட்டே இல்லை.
ஏசிக்காகக் கொஞ்சம் நின்றோம்.
இரண்டாவதில் நூற்றெண்பது,
என் செருப்பைப் பார்த்தபின் சொன்ன விலை.
மூன்றாவதில் வாடகைக்கு உண்டாம்.
முன்பணம் ஐம்பது,
கறை பட்டால் திரும்பாது.
கறையைப் பற்றி
என்னிடமா சொல்கிறீர்கள்.

எல்லோரும் கழுத்தைப் பார்ப்பார்கள்,
மணி கோத்த கையைப் பார்ப்பார்கள்.
நான் குனிந்து விளிம்பைப் புரட்டுவேன்.
மருதாணி காயுமுன் உடுத்தியவள்,
கார் கதவில் சிக்கவைத்தவள்,
குளியலறைத் தரையில்
ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தவள்,
எல்லோரும் அங்கேதான் இருப்பார்கள்.
அழுதாளா என்று சொல்ல முடியாது.
கண்ணீர் கறை விடாது,
மை விடும்.

நாலாவது கடை சந்துக்குள்,
ஜூஸ் கடைக்கும் சாவி அடிக்கிறவருக்கும் நடுவில்.
சுகுணன் சேட்டன் கோலால் கொக்கியைத் தட்டி இறக்கினார்.
"புத்தம் புதுசு மோளே, துருக்கி சரக்கு.
அறுபது. உனக்காக ஐம்பத்தைந்து."
பால் திரிய ஒரு நிமிடம் முந்திய வெள்ளை.
மூன்றடுக்கு வலை.
எனக்கு முன்பே
விரல்களுக்குத் தெரிந்துவிட்டது.

கடைசி அடுக்கைப் புரட்டினேன்.
உள்மடிப்பில் ஸ்டேப்பிள் பின்னுக்கடியில்
மஞ்சள் துண்டு.
4471.
நாலின் தலையை மூடாமல் விடுவது
என் கையெழுத்து.
பக்கத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு
மாதுளைச்சாறு.
மூன்று தடவை மருந்து வைத்தும் போகாதது.
போகாது என்று சொன்னதற்கு
முதலாளி என் சம்பளத்தில் பிடித்தது
நாலு தினார்.

"சேட்டா, இது புதுசா?"
"பின்னே?"
"நோன்புக்கு முன்னாடி
இத நான்தான் துவைச்சேன்."

அவர் துண்டைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்,
வாசலைப் பார்த்தார்.
கடைப்பையன் சிரிப்பை மறைக்க
பெட்டிகளுக்குப் பின்னால் குனிந்தான்.
"நாற்பது."
கறையைக் காட்டினேன்.
"முப்பத்தைந்து. அதற்குக் கீழே என்னால் ஆகாது."
"முப்பத்தொன்று," என்றேன்.
ஏன் முப்பத்தொன்று என்று
அவர் கேட்கவில்லை.
யோகவதி மட்டும் இடுப்பில் கிள்ளினாள்.

திரை முழுதாக மூடாத அறையில்
போட்டுப் பார்த்தேன்.
இடுப்பில் இரண்டு அங்குலம் பிடிக்க வேண்டும்.
நீளம் கூடுதல்,
அவள் என்னைவிட உயரம்.
யாரென்று தெரியாது.
ரசீதில் பெயர் இருந்திருக்கும்,
நாங்கள் எண்ணைத்தான் படிப்போம்.
கண்ணாடியிலும் முகத்தை விட்டுவிட்டு
விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
"மேல பாரும் பிள்ளை,"
தாடையைப் பிடித்துத் தூக்கினாள் யோகவதி.
பார்த்தேன்.
அவளுக்கு முன் கொஞ்சம்
வெட்கமாக இருந்தது.

மஞ்சள் துண்டைப் பிய்க்கப் போனாள்.
இருக்கட்டும் என்றேன்.
கல்யாணத்துக்கு மறுநாள்
என் மேசைக்குத்தானே வரப்போகிறது.

மீதி நாலு தினார்.
ஒரு தினாருக்கு இரண்டு ஷவர்மா,
மூன்று அவளுக்குத் தர வேண்டிய பாக்கி.
பஸ் நிறுத்தத்தில் நின்று தின்றோம்,
பெரிய பையை ஒரு கை தூரத்தில் பிடித்தபடி.
"சொட்டப் போகுது, கவனம்," என்றாள்.
பூண்டுச் சாந்து ஒன்றும் செய்யாது,
குளிர்ந்த தண்ணீர் போதும்.
மாதுளைதான் போகாது.